வலைக்காரர் தேர்ந்த கிட்டார்

கல்பாக்கத்தில் வேலை பார்த்துவந்த எழுபதுகளில், ஸ்டீல் கிட்டார் வாங்க மாமல்லபுரத்தில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போயிருந்தேன். பளபளவென்று இருந்த ஒன்றை மடியில் வைத்து மயங்கிக் கிடந்தேன்.

கடை வாசலில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மீனவர், அதைத் தோளில் போட்டபடியே உள்ளே வந்தார். நரைத்த மீசை, உப்பேறிய விரல்கள். எந்த இடைவெளியைக் கண்டாலும் அளந்துபார்க்காமல் இருக்க முடியாதவர் போலும். வலைக்கண் அளக்கும் மூங்கில் பட்டையைக் கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக நுழைத்தார். மூன்றாவது இடைவெளியில் பட்டை சிக்கியது.

“இன்னா அண்ணாத்த, இந்தக் கண்ணு மட்டும் சின்னதா கீதே? வெரலு மாட்டிக்கும்.”

பத்து வருடமாக வாசிக்கும் எனக்கு அது தெரியவில்லை! மூலையில் மங்கிக் கிடந்த இன்னொரு கிட்டாரையும் அளந்தார். எல்லா இடைவெளியும் ஒரே சீர்.

“இத்த எடு.”

அங்கேயே உட்கார்ந்து வாசித்தேன். விரல் எங்கும் இடறவில்லை. தெருவில் போனவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள்.

“பாத்தியா, ஒரே வீச்சுல ஆறு பேரு மாட்டிகினாங்க!” என்றார்.

“உங்களையும் சேர்த்து ஏழு” என்றேன். தோளிலிருந்த வலை நழுவிக் காலடியில் கிடந்ததை அவர் இன்னும் கவனிக்கவில்லை.