யாரும் சொல்லாமல் திறந்த மதகு

ஆஸ்திரேலியாவில் ஷெப்பர்ட்டன் பக்கத்து வாய்க்கால்களில் மதகுகளைத் தானாக ஏற்றி இறக்கும் பெட்டிகள் உண்டு. அவற்றுக்கு சி மொழியில் நிரல் எழுதுபவள் கிளெனிஸ் பாஸ்கோ. கணினிக்கு வருமுன் பதினைந்து வருடம் பால்பண்ணையில் மாடு கறந்தவள். ஒரு விஷயம் புரியாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த அக்டோபரில் விவசாயி டெரன்ஸ் கினேனின் வயலோரத்து மதகு மூன்று அதிகாலைகளில் தானாகத் திறந்துகொண்டது.

"அறுத்துப்போட்ட புல்லெல்லாம் நீச்சல் அடிக்குது. உன் பெட்டிக்குப் பேய் புடிச்சிருக்கா?" என்று போனில் கத்தினான் டெரன்ஸ்.

"பேய்னா சுலபம், பாதிரியாரைக் கூப்பிட்டுறலாம். பாத்துச் சொல்றேன், இரு."

பதிவேட்டில் திறந்த அளவு இருந்தது: 126, 124, 127 மில்லிமீட்டர். இதென்ன கணக்கு? மேசைமேல் அதே மாதிரிப் பெட்டி ஒன்றை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தாள். சமர்த்தாக இருந்தது.

ஓட்டாமலே நிரலை வரிவரியாகப் படித்துச் சந்தேகம் சொல்லும் கருவி ஒன்று அலுவலகத்தில் இருந்தது. தொல்லை தாங்காமல் அணைத்துவைத்திருந்தார்கள்.

"அது சும்மா கத்திக்கிட்டே இருக்குமே," என்றான் உடன் வேலை செய்யும் ராவிரி.

"கத்தட்டும். கேக்கத்தானே உக்காந்திருக்கேன்."

நானூற்றுப் பன்னிரண்டு சந்தேகங்கள். இரண்டாம் நாள் நூற்று எழுபத்து மூன்றாவதில் நின்றாள். மதகு எவ்வளவு திறக்க வேண்டும் என்ற எண்ணை வைக்க நினைவகத்தில் ஒதுக்கிய இடம், 'மாறி', அது. நீர்மட்ட உணரி ஏதாவது சொன்னால் அதில் ஒரு மதிப்பு ஏறும். உணரி பேசாவிட்டால்? எதுவும் ஏறாது. நினைவகத்தின் அந்த இடத்தில் முந்தைய வேலை விட்டுப்போன எண்ணையே நிரல் எடுத்துக்கொள்ளும். முந்தைய வேலை, பேட்டரியை அளப்பது. 12.6 வோல்ட் என்றால் புள்ளியை விட்டுவிட்டு 126 என்று வைக்கும்.

பேட்டரிப் பதிவைப் பார்த்தாள். 126, 124, 127. மேசையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு அந்த வரியை எழுதியது யார் என்று தேடினாள். ஒன்பது வருடத்துக்கு முன்பு, அவளேதான்.

மறுநாள் விடியற்காலை உறைபனியில் மதகுக்குப் போனாள். உணரியின் கம்பி இணைப்பில் விரிசல். குளிரில் தொடர்பு விட்டுப்போயிருந்தது. டெரன்ஸும் வந்து நின்றான்.

"தப்பு என்னுதுதான். உணரி பதில் சொல்லலன்னா என்ன செய்யணும்னு எழுதவே மறந்துட்டேன். அதான் பேட்டரி கணக்கு விட்டுட்டுப் போன எண்ணைப் புடிச்சுக்கிட்டுத் திறந்திருக்கு."

"ஒன்பது வருஷமாவா?"

"ஒன்பது வருஷமா."

டெரன்ஸ் வாய்க்கால் தண்ணீரைக் கைகாட்டினான். "நல்லவேளை, உன் பிறந்த வருஷத்தை அங்க விட்டுட்டுப் போகலை. ரெண்டு மீட்டர் திறந்து வீடே மெதந்திருக்கும்."

உணரி பேசாவிட்டால் மதகு இருந்தபடியே இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாள். மீதிச் சந்தேகங்களையும் விடவில்லை. இதே மாதிரித் தப்பு இன்னும் இரண்டு கிடைத்தன. அதில் ஒன்று எந்தச் சூழ்நிலையில் தலைகாட்டும் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.