ஓட்டைக் கல்லுக்குள் ஒரு தலை

ரோனா ஸ்லேட்டர் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடமாக ஸ்கேன் எடுப்பவர். நான் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அவர் அறை வாசலில் நிற்பேன். ஸ்கேன் முடிந்து வெளியே வரும்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்.

"ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"டாக்டர் சொல்லுவாரு."

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது. படம் எடுப்பதோடு அவர் வேலை முடிந்தது, விளக்கம் சொல்வது டாக்டர் பாடு. விதி அப்படி. எவ்வளவு மோசமான படத்தைப் பார்த்துவிட்டு வந்தாலும் நோயாளியின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "வெளிய மழை, தொப்பி போட்டுக்கோங்க" என்று அனுப்புவார்.

அவர் கணவர் ஹெக்டர் ரால்ஃப், ஹோப்மன் என்ற கடலோர ஊர்ப் பக்கத்துக் குவாரியில் மணற்கல் அறுத்துவந்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் இருமல் நிற்காமல் ஹெக்டரும் அந்த ஸ்கேன் மேசையில் படுக்கும்படி ஆயிற்று. அன்று ஸ்கேன் எடுக்க வேண்டிய இன்னொரு ஊழியருக்குக் காய்ச்சல். ரோனாவேதான் எடுத்தார். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் ஹெக்டர் கேட்டார்.

"என்ன தெரிஞ்சுது?"

"டாக்டர் சொல்லுவாரு, ஹெக்டர்."

டாக்டரிடமிருந்து கடிதம் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே கட்டிலில் தூங்கினார்கள். நுரையீரலில் கல்தூசி படிந்திருக்கிறது, ஆரம்பம்தான், இனி ரம்பத்துப் பக்கம் போகக் கூடாது என்றது கடிதம். குவாரியில் கல்லைத் தரம் பிரிக்கும் வேலைக்கு அவரை மாற்றினார்கள். நோய் அதற்கு மேல் முற்றவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மனைவியிடம் ஹெக்டர் எதையும் கேட்பதில்லை. "அவகிட்ட கேக்கறதுக்குக் கல்லுகிட்ட கேக்கலாம், கெனி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

போன வருடம் பிப்ரவரியில், குவாரியில் பிளந்த ஒரு கல்லின் நடுவே ஓட்டை இருந்தது. ஓட்டைக் கல் விலை போகாது. உடைத்து ரோட்டுக்குப் போட்டுவிடுவார்கள். ஹெக்டர் அதற்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர் அரித்த ஓட்டை சொரசொரப்பாக இருக்கும். இது வழவழவென்று வளைந்து வளைந்து உள்ளே போயிற்று. கல்லை ஓரமாக வைத்துவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போன் செய்தார்.

எடின்பரோவிலிருந்து நெஸ்டா ப்ரோபர்ட் என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தார். கல்லை டார்ச் அடித்துப் பார்த்தவர் குவாரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது இருபத்தஞ்சு கோடி வருஷம் முந்தின ஒரு ஜந்தோட தலை இருந்த இடங்க. எலும்பு எப்பவோ கரைஞ்சு போயிடுச்சு. அதோட அச்சு மட்டும் வெற்றிடமா நிக்குது. கல்ல உடைச்சா அதுவும் போயிடும். ஸ்கேன்லதான் பாக்கணும்."

ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கி, நோயாளிகள் இல்லாத ஒரு ஞாயிறு காலையில் வேலையை வைத்தார்கள். நாற்பது கிலோ கல்லைப் போர்வையில் சுற்றி, வண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனது நான்தான். ரோனா வழக்கம் போலப் போர்வையைச் சரிசெய்தார். மேசை உள்ளே நகர்ந்ததும், இயந்திரத்தில் பதிந்து வைத்திருந்த குரல் ஒலித்தது: "மூச்சை இழுத்துப் பிடிங்க."

"இருபத்தஞ்சு கோடி வருஷமா பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் ஹெக்டர்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நான்கு பேர். திரையில் கல் சாம்பல் நிறத்தில் தெரிந்தது, நடுவில் கறுப்பாக ஒரு கிறுக்கல். ரோனா இரண்டு மூன்று பொத்தான்களைத் தட்டி, கறுப்பை வெளுப்பாக்கி, கல்லை மறைய வைத்தார். கிறுக்கல் திரும்பி எங்களைப் பார்த்தது. கண்குழி, தாடை, நெற்றியைச் சுற்றிக் கொம்புகள்.

பிறகு ஹெக்டர், திரையைப் பார்த்தபடியே, மெதுவாகக் கேட்டார்.

"என்ன தெரியுது, ரோனா?"

ரோனா வாயைத் திறந்தார். எனக்கு அடுத்த வார்த்தை மனப்பாடம். ஆனால் அது வரவில்லை.

"பல்லு தெரியுது" என்றார். "இலை மாதிரி, ஓரத்துல ரம்பம் வெச்சிருக்கு. தழை தின்னுற ஜந்து. இதோ பாரு, காதுக்குள்ள இருக்கற வளையம், நூலு மாதிரி. இது மூளை இருந்த இடம், பட்டாணி அளவுதான். நெத்தியில கொம்பு இப்பத்தான் முளைக்குது. மண்டை ஓட்டுல இந்தக் கோடு தெரியுதா? எலும்பு இன்னும் சேரல. கைக்குழந்தைங்க தலையில தினம் பாக்கற கோடு." குரல் கொஞ்சம் இறங்கியது. "இது சின்னப்புள்ள, ஹெக்டர்."

நெஸ்டா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "சின்னதா இருக்கவும் நான் வேற இனமோன்னு நெனச்சேன்" என்றார். "நீங்க சொல்றதுதாங்க சரி."

ரோனா நிறுத்தவில்லை. அரை மணி நேரம் பேசியிருப்பார். இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நெஸ்டா எழுதிக்கொண்டே இருந்தார்.

கல்லை இறக்கி வைத்த பிறகு, எங்களுக்காக ரோனா கொண்டுவந்திருந்த வெண்ணெய் ரொட்டியை ஓய்வறையில் தின்றோம். நெஸ்டா போன் பேச வெளியே போனார். ஹெக்டர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னோடதுல அன்னிக்கு என்ன பார்த்த?"

நான் எழுந்தேன். "நீ உக்காரு, கெனி" என்றார் ரோனா. பிறகு கணவரிடம் சொன்னார்: "வலது பக்கம், மேல. ஏழெட்டுப் புள்ளி. அது என்னன்னு எனக்குத் தெரியும், ஆனா வேற ஏதாவது இருந்துட்டா? தூசிதான், தூசிதான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். உன்ன கார்ல உக்கார வெச்சுட்டு, கழிவறையில போய்க் கொழாயத் தொறந்து விட்டு அழுதேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம். விதின்னு சொல்லிக்கிட்டேன். உண்மையில, சொன்னா நெஜமாயிடுமோன்னு பயம்."

ஹெக்டர் ரொட்டித் துணுக்குகளை விரலால் கூட்டிக்கொண்டிருந்தார். "நான் அந்த ஒன்பது நாளும் உன் மூஞ்சியத்தான் ஸ்கேன் எடுத்துட்டு இருந்தேன்" என்றார். "படத்துல ஒண்ணும் விழல." ரோனா சிரித்தார், சிரிப்பு பாதியில் வேறாயிற்று. ஹெக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். இந்தத் தடவை நான் வெளியே போனேன்.

அதன் பிறகு நெஸ்டா படங்களை ரோனாவின் கணினிக்கு அனுப்பினார். அறுநூறு துண்டுப் படங்கள். ஒவ்வொன்றிலும் வெற்றிடத்தின் ஓரத்தைக் கையால் வரைந்து காட்ட வேண்டும். ஏழு மாதம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரோனா வரைந்தார். "இன்னிக்கு எங்க இருக்கோம்?" என்று ஹெக்டர் கேட்பார். "இடது கண்ணுல" என்பார் ரோனா.

அக்டோபரில் நெஸ்டா ரோனா வரைந்த படங்களிலிருந்து பிளாஸ்டிக்கில் தலையை அச்செடுத்துத் தபாலில் அனுப்பினார். உள்ளங்கையில் அடங்கியது. ஹெக்டர் அதைக் குவாரிக்கு எடுத்துப் போனார்.

அன்று பதினோரு மணிக்கு ஸ்கேன் அறையில் போன் அடித்தது. ரோனா உள்ளே ஒரு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். ஹெக்டர்தான்.

"அவளக் கூப்பிடு."

"வேலையா இருக்காங்க. நான் சொல்றேன்."

"நம்ம குவாரிப் பயலுக இதப் பார்த்துட்டு, என் தலைய விட இதுதான் அழகா இருக்குன்னு சொல்றானுங்க. அவகிட்ட சொல்லு. இப்பவே சொல்லு."

கண்ணாடியைத் தட்டிச் சொன்னேன். "அதுக்குக் கொம்பு வேற இருக்கேன்னு சொல்லு" என்றார் ரோனா.