பளபளப்பு போதாத வண்டி

ஸ்டாண்டில் நிற்கிற மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து நான் போகாத ஊர் கிடையாது. பெங்களூர், பம்பாய், ஒருமுறை சிலோன்கூட. நடுவில் கடல் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

வண்டி மாமாவுடையது. வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவர் ரைட்டர். ஆள் கணக்கும் மூட்டைக் கணக்கும் எழுதுவது வேலை. நான் சேலத்திலிருந்து முழுப்பரீட்சை லீவுக்கு மலையேறி, அவருடைய எஸ்டேட் வீட்டில் தின்று தூங்குகிறவன். எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம்.

எஸ்டேட்டின் பழைய முதலாளி விட்டுப்போன இங்கிலாந்து வண்டி அது. என் அப்பாவைவிட வயதில் மூத்தது. கைக்கு வந்த புதிதில் மாமா அத்தையைப் பின்னால் உட்கார வைத்து ஊர்கோலம் கிளம்பியிருக்கிறார். கொட்டச்சேடு போகிற வழியில் ஒரு வளைவு. ஈரத்தில் சக்கரம் சறுக்கியது. மாமா காப்பிச் செடிக்குள் விழுந்தார், அத்தை ரோட்டில் விழுந்தார். மாமாவுக்கு ஒரு கீறல் இல்லை. அத்தைக்கு மணிக்கட்டு எலும்பு உடைந்து, மாவுக்கட்டுப் போட்டு, நான் அந்த வருஷம் லீவுக்கு வருவதற்குள் சேர்ந்தும்விட்டது. வண்டிதான் வீட்டை ஒட்டி இறக்கின சார்ப்புக்குள் நின்றுகொண்டே இருந்தது.

காரணம், பளபளப்பு போதவில்லை. மாமா அப்படித்தான் சொன்னார், நானும் அப்படித்தான் நம்பினேன்.

மலைப் பனிக்கு அலுமினியத்தின் மேல் மாவு தூவினதுபோல வெள்ளை பூத்துவிடும். மாமா இன்ஜினின் இரண்டு பக்கத்துக் கவரையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்ப்பார். முதலில் சொரசொரப்பான தாள். அது போட்ட கோடுகள் மறையும்வரை அதைவிட மெல்லிய தாளால் குறுக்கே தேய்க்க வேண்டும். அதன் கோடு மறைய இன்னும் மெல்லிய தாள். கடைசியில் பாலிஷைத் தடவித் துணியால் தேய்த்தால் துணி கன்னங்கரேலென்று ஆகும், கவரில் முகம் தெரியும். நான் அதில் பார்த்துத்தான் தலை சீவுவேன்.

அப்போதுதான் மாமா கவரை வெயிலில் சாய்த்துப் பிடிப்பார். "இங்க பாரு கண்ணு, ஒரு கோடு தெரியுதல்ல?"

எனக்கு ஒரு எழவும் தெரியாது. "ஆமாங் மாமா, நொம்பப் பெரிய கோடு" என்பேன். பிற்காலத்தில் நான் ஆபீசில் நல்ல பேர் வாங்கியதற்கு அஸ்திவாரம் அங்கே போட்டது. மாமா பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி சொரசொரப்பான தாளை எடுப்பார். பெருமூச்சில் வருத்தம் இருந்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

எஸ்டேட் ஜீப் டிரைவர்தான் விடமாட்டார்.

"ஏனுங் ரைட்டரே, வண்டிய எப்பத்தான் ரோட்டுக்கு உடுவீங்க?"

"பாலிஷ் முடியட்டுமப்பா."

"அது முடியறக்குள்ள அலுமினியம் தேஞ்சு அப்பளமாப் போயிருமுங்களே!"

ஒருநாள் டீக்கடையில் ஊரே கூடியிருக்கும்போது அவர் கணக்கைத் தீர்க்கப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம சேர்வராயன் கோயில் நோம்பிக்கு ஜீப்புல அத்தன சனத்தையும் ஏத்தோணும். உங்களுக்கு எடமில்லீங்க. அக்காவையும் பையனையும் வெச்சுக்கிட்டு வண்டியிலயே வந்துருங்க. வரலீன்னா அது கொலு பொம்மையின்னு முடிவு பண்ணிக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "வர்றமப்பா, வராம எங்க போறம்" என்றார்.

அதற்கப்புறம் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. விரல் நுனித் தோல் உரிகிற அளவுக்குத் தேய்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் அத்தையிடம், "கை எப்பிடி இருக்குது புள்ள?" என்று கேட்டார்.

"கைக்கென்னங்க, கொடம் தூக்குது."

"மழ வருமாட்ட இருக்குது."

நான் வெளியே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "ஒரு பொட்டு மேகம் இல்லீங் மாமா!" நல்ல சேதி சொன்னவனை மாமா முறைத்துவிட்டு மறுபடி தாளை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா குளிக்கப் போயிருந்தார். கவர் இரண்டும் கடைசித் துடைப்புக்காகச் சாக்கின் மேல் கிடந்தன. அத்தை கொல்லையில் அழுக்குத் துணிக்குச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்திருந்தார். நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு தலை சீவலாம் என்று சீப்போடு வந்தால் சாக்கு காலி. அத்தை கொதிக்கிற தண்ணீருக்குள் குச்சியை விட்டு என்னவோ தூக்கினார். சுட்ட கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. அதுதான் என் கண்ணாடி.

நான் போட்ட கூச்சலில் மாமா ஈரத்துண்டோடு ஓடிவந்தார்.

"அழுக்குப் போவட்டுமுன்னு போட்டனுங்க" என்றார் அத்தை, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

மாமா கவரை இப்படியும் அப்படியும் திருப்பினார். இடி இறங்கப் போகிறதென்று நான் ஆசையோடு காத்திருந்தேன். "செரி, உடு" என்றார்.

ஜீப் வந்தது. டிரைவர் கவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "சோடாவுல போட்டீங்களா! ஏனுங்க்கா, இதுகூடத் தெரியாதுங்களா? செரி, கறுப்பா இருந்தா என்ன ரைட்டரே, மாட்டிட்டு வாங்க."

"இந்தக் கரியோட சாமி ஊட்டுக்கா? நல்லாச் சொன்ன போ" என்றார் மாமா.

இல்லாத இடம் ஜீப்பில் எப்படியோ முளைத்தது. வழி நெடுக எல்லோரும் அத்தையை ஓட்டினார்கள். இனிமேல் வெள்ளி அரைஞாணை அக்கா கண்ணில் காட்டாதே என்று ஒரு கிழவர் பேரனுக்குச் சொன்னார். அத்தை சிரித்தபடி வெளியே சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"உங்குளுக்கு ஒண்ணுமே தெரியாதுங் அத்தை" என்றேன் நானும், பொறுக்கமாட்டாமல்.

"ஆமாஞ்சாமி, எனக்கென்ன தெரியும்" என்றார்.

மாமாவோ ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். கோயில் திருவிழாப் பந்தியில் இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். இத்தனை நாள் உழைப்பு கரியாகப் போனதே என்று ஒரு வெட்கம் வேண்டாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

லீவு முடிய ஒரு வாரம் இருந்தது. மாமா கறுத்த கவரைச் சொரசொரப்பான தாளிலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தார். ஒருநாள் அத்தை பால் காய்ச்சின அலுமினியப் பானையைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். அடிப்பிடித்திருந்தது. நான் மூளையை உபயோகித்து ஒரு கை சோடாவை அள்ளினேன்.

அத்தை பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டார். "ஏஞ்சாமி, அலுமினியத்துல சோடாவப் போட்டாக் கறுத்துப் போயிருமல்ல! சின்னப்புள்ளையில இதுக்கே எங்கம்மாகிட்டக் கரண்டியில அடி வாங்கியிருக்கறேன்."

எனக்கு ஒரே சந்தோஷம். ஒரே தப்பில் அத்தை எவ்வளவு தேறிவிட்டார்! அந்தச் சந்தோஷத்தில் சார்ப்புக்கு ஓடி, கரண்டியடி உட்பட ஒரு வார்த்தை விடாமல் மாமாவிடம் ஒப்பித்தேன்.

மாமாவின் கை நின்றது. தாளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து, கையைக்கூடத் துடைக்காமல் உள்ளே போனார். தாமதமானாலும் இடி இறங்குகிறது என்று நான் வெளியிலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். மாமா தரையில் சம்மணம் போட்டு, பானையை மடியில் கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தை எதிரே மணைப்பலகையில் சும்மா உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு செய்தவர் பலகையில் உட்கார்ந்திருக்க, நஷ்டப்பட்டவர் பானை தேய்க்கிற நியாயம் எனக்கு விளங்கவில்லை.

பானை என் வேலை என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. போய் ஞாபகப்படுத்தவில்லை. அந்த அளவுக்கு நான் முட்டாள் இல்லை.