தூசியோடு இருந்த வண்டி

காலை ஆறு நாற்பது. பாப்பாரப்பட்டி சாலையில் பழைய இரும்புக்கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. முதலில் கண்ணில் பட்டது சுவரில் சாய்த்திருந்த ஒரு கார் கதவு. நம் ஊர் வண்டிக் கதவைவிட ஒன்றரை மடங்கு நீளம். மேலே நீலம்; உரிந்த இடங்களில் மங்கிய பச்சை. பெயின்டுக்கு அடியில் பூசிய பட்டி உதிர்ந்துபோய், சாவித் துவாரத்தைச் சுற்றிப் பிறை பிறையாகக் கீறல்கள் தெரிந்தன. நின்றுவிட்டேன். சர்க்கரைக்காக மருத்துவர் சொன்ன நடை. நிற்க ஒரு காரணம் கிடைத்தால் எனக்குப் போதும்.

குனிந்தபோது துருவுக்கு நடுவே புளி வாசனை அடித்தது. இத்தனை வருடம் கழித்து அடிக்க வாய்ப்பில்லை. ஆனாலும் நினைவு ரத்தினத்தின் புளிக் குடோனுக்குத்தான் போனது.

ரத்தினம் புளி வியாபாரி. அவருடைய அண்ணன், பெங்களூரில் வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன அமெரிக்க காரை வாங்கி வந்தார். இரண்டே கதவு, லாரிக்குப் போடவேண்டிய எஞ்சின், இடப்பக்கம் ஸ்டீயரிங். தொப்பூர் கணவாயில் லாரியை முந்த வேண்டுமென்றால் வலப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்து “வாங்க, வாங்க” என்று சொல்ல வேண்டும். அது ரத்தினத்தின் வேலை. அண்ணனுக்குக் கை நடுக்கம் வந்தது. சாவி துவாரத்தைத் தேடித் தேடிக் கதவைக் கீறியது. அவர் இறந்தபின் வண்டி குடோனிலேயே நின்றது. குறைவாக ஓடிய பழைய வண்டி என்றால் இன்று பெருமையாகப் பேசுகிறார்கள். ஓட்ட ஆளில்லாமல் நிற்பதில் என்ன பெருமையோ.

நான் அப்போது ஒரு நாளிதழின் தாலுகா நிருபர். கீறலையும் விடாமல் நான்கு பத்தி எழுதினேன். பழைய கார் சேகரிக்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு ஃபோன் செய்தார்.

சரியான நேரம். பாகப்பிரிவினையில் குடோன் பங்காளிக்குப் போயிருந்தது. தைக்குள் காலி செய்ய வேண்டும். “எங்கண்ணன் வண்டிங்க. வெட்டிப் போடாத ஆளுகிட்டப் போகணும், அவ்வளவுதான்” என்றார் ரத்தினம்.

“ஞாயித்துக்கிழமை வர்றேன். வண்டிய ஒண்ணும் பண்ணவேணாம்னு சொல்லுங்க. தூசியக்கூடத் தொடைக்க வேணாம்” என்று பெங்களூர்க்காரர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் காபியெல்லாம் வேண்டாம் என்பார்களே, அப்படி எடுத்துக்கொண்டேன். அதை யார் காதில் வாங்குவார்கள்? ரத்தினத்திடம் கிழமையை மட்டும் சொன்னேன்.

ஞாயிறன்று பெயின்ட் வாசனை புளியை அமுக்கிவிட்டிருந்தது. மங்கிய பச்சை வண்டி நீலமாகப் பளபளத்தது. சந்தனம், குங்குமம், முன்னால் எலுமிச்சம்பழம். எனக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

வந்தவர் கதவருகே குந்தி விரலால் தடவினார். “இங்க சாவிக் கீறல் இருந்ததே?”

“பட்டி வெச்சு அடைச்சு, ரெண்டு கோட்டு அடிச்சிருக்குதுங்க. பொண்ணு பாக்க வர்றப்ப அழுக்குச் சீலையோடவா நிக்க வெப்பாங்க?” ரத்தினம் சிரித்தார்.

வந்தவர் சிரிக்கவில்லை. “புதுப் பெயின்ட் அடிச்ச வண்டி எனக்கு எங்கயும் கிடைக்கும். இது வேணாங்க.” என் பக்கம் திரும்பினார். “தூசியக்கூடத் தொட வேணாம்னேனே, நீங்க சொல்லலையா சார்?”

“சொன்னதாத்தான் ஞாபகம்” என்றேன்.

ரத்தினம் என்னைப் பார்த்தார். பிறகு பெங்களூர்க்காரரிடம், “சொன்னாருங்க. நாந்தான் கேக்கல” என்றார்.

காபி குடித்துவிட்டு அவர் போய்விட்டார். அதன்பின் அந்தத் தெருவழியாகப் போவதை நான் குறைத்துக்கொண்டேன். தை மாதம் ரத்தினம் பொம்மிடியில் மகள் வீட்டுக்குப் போனார் என்று கேள்வி. வண்டி ஒரு மெக்கானிக் ஷெட்டின் பின்னால் மழையில் நின்றதைப் பேருந்திலிருந்து இரண்டு முறை பார்த்தேன். குடோன் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம்.

அண்ணன் அந்த வண்டியை ஓட்டினார் என்பதற்கு அந்தக் கீறல்தான் சாட்சி. இது புரிய எனக்கு இந்த வயதாக வேண்டியிருந்தது.

கடைக்காரர் ஷட்டரை முழுதாக ஏற்றினார். மீதி வண்டி எங்கே என்று கேட்டேன்.

“போன வாரமே வெட்டி லோடு ஏத்தியாச்சு சார். இது ஒண்ணு விட்டுப்போச்சு.”

கதவைத் தூக்கித் தராசில் வைத்தார். முப்பத்தொரு கிலோ.