மஞ்சள் துணி சுற்றிய வாசற்கால்

உளுந்தூர்பேட்டையில் ஓர் ஓட்டல் கட்டடத்துக்குச் சுவர் பூசிக்கொண்டிருந்தேன். கரணை கையில் இருக்கும்போது நான் போன் எடுப்பதில்லை. விடாமல் மூன்றாவது தடவையும் அடித்தது. நைனார்பாளையத்திலிருந்து அஞ்சலை அம்மாவின் மகள் செல்வி. "மாமா, அம்மா பூடுச்சு மாமா" என்றாள். முந்தின நாள் சாயங்காலம் வரை கட்டில்கால் இழைத்துக்கொண்டிருந்த மனுஷி. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். குழைத்த கலவையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

தச்சு வேலை செய்த அஞ்சலை அம்மாவைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நல்லவர், அமைதியானவர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் என்றெல்லாம் எழுத எனக்கு மனமில்லை. எனக்கு ஒரு மனிதர் மேல் அடங்காத ஆத்திரம் இருக்கிறது. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன். அவருடைய பெயரைப் போடவில்லை. படித்து முடித்தால் எந்த வீடு என்று உங்களுக்கே தெரியும்.

நான் கொத்தனார். பதினைந்து வீடுகளில் நான் சுவர் எழுப்ப, அஞ்சலை அம்மா வாசற்கால் செய்திருக்கிறார். கணவர் தச்சர். பெரிய ரம்பத்தின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை இந்த அம்மா பிடித்து இழுத்தே தொழில் கற்றுக்கொண்டார். கணவர் காமாலையில் போனதும் முப்பதாம் நாள் உளியைக் கையில் எடுத்துவிட்டார். ஊர் வாயில் விரலை வைத்தது. "வாயில வெரல வெச்சா வேல ஆவுமா?" என்று கேட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு இழைத்தார்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டு வேலை. கரண்ட் கிடையாது. கையிலிருந்தது ஒரு ரம்பம், இரண்டு உளி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல், ஒரு மூலைமட்டம், அவ்வளவுதான். ஆறு அங்குலத்துக்கு நாலு அங்குலம் பலாக்கட்டை. மேல்கட்டையில் துளை, நிற்கும் கால்களில் அந்தத் துளைக்குள் நுழையும் நாக்கு. பென்சிலைத் தொடவே மாட்டார். கத்தி முனையால் கோடு கீறுவார். "பென்சில் கோட்டுக்கே ஒரு தடிமன் இருக்குதுங்க மேஸ்திரி. அதுக்கு இந்தப் பக்கம் அறுக்கறதா அந்தப் பக்கம் அறுக்கறதா?" என்பார். துளையைப் பாதி ஆழம் வெட்டிவிட்டுக் கட்டையைப் புரட்டி, மறுபக்கத்திலிருந்து மீதியை வெட்டினார். ஏன் இத்தனை பாடு என்று கேட்டேன். "ஒரே பக்கமா குத்திக்கினு போனா, வெளிய வர்ற எடத்துல பிச்சிக்கும்ங்க." நாக்கு உள்ளே போனபோது உள்ளங்கையால் ஒரு தட்டு, கொட்டாப்புளியால் மூன்று தட்டு. இடுக்கில் என் நகம்கூட நுழையவில்லை.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன். பன்னிரண்டு வருடம் ஆகிறது. சின்னசேலம் பக்கம், நல்ல வசதியான வீட்டுக்காரர். வேங்கையில் வாசற்கால். அஞ்சலை அம்மா எல்லாம் வெட்டி, பூட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி, முந்தின நாளே கட்டைகளை டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். காலையில் பூசை போட்டுப் பூட்டி நிறுத்த வேண்டியதுதான். இறக்கி முடித்ததும் வீட்டுக்காரர் சொன்னார்: "நாளைக்கி நீ வராதம்மா. நல்ல காரியம். தாலி அறுத்தவ நிக்கிற எடம் இல்ல." அந்த அம்மா உளிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு விட்டிருந்தால் தொலையட்டும். தாலி அறுத்தவள் தொட்ட மரமாச்சே, தீட்டுக் கழிக்க வேண்டுமாம். குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பழைய வேட்டிகளை மஞ்சளில் நனைத்துக் கட்டைகளின் முனை முனையாகச் சுற்றி விடியும்வரை வைத்தார்கள். அந்த முனைகள் நாக்குகள், ஐயா! காய்ந்த மரம் தண்ணீர் குடித்தால் ஊதாதா? காலையில் ஒரு நாக்காவது துளைக்குள் போகவேண்டுமே! இரண்டு ஆட்கள் மாறி மாறி அடித்தார்கள். ஐயர் நேரம் போகிறது, நேரம் போகிறது என்று பறந்தார்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு அஞ்சலை அம்மாவிடம் ஓடினேன். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, செதுக்கிடப் போறாங்க மேஸ்திரி! வாணாம்னு சொல்லுங்க. நெழல்ல ரெண்டு நாள் காய வெச்சா தானா உள்ள போவும்." வந்து சொன்னேன். வீட்டுக்காரர் என் மேல் பாய்ந்தார். "அவ பேச்ச கேட்டுக்கினு என்னை நல்ல நேரத்த வுடச் சொல்றியா?" கூட்டி வந்திருந்த வேறொரு தச்சரை விட்டு நாக்குகளைச் செதுக்க வைத்தார். வாசற்கால் நின்றது. குலவை போட்டார்கள்.

இரண்டு மாதத்தில் மரம் காய்ந்து சுருங்கியது. நாக்கு துளைக்குள் ஆடியது. கதவு தொங்கித் தரையை உரசியது. வீட்டுக்காரர் ஊர் முழுக்க ஒரே பாட்டுப் பாடினார்: "பொம்பள செஞ்ச வாசக்காலு, அதான் ஆடுது." அதற்கப்புறம் அஞ்சலை அம்மாவிடம் ஒருவரும் வாசற்கால் கொடுக்கவில்லை. அந்தக் கை கட்டில்காலுக்கும் மாட்டுத் தொட்டிக்கும் போனது.

ஒரு நாள் கடைத்தெருவில் அந்த அம்மா என்னை நிறுத்தினார். "நீங்க கூட இருந்தவரு. நடந்தத நாலு பேருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க மேஸ்திரி, போதும்." அப்போது அந்த வீட்டின் மாடி வேலை என் கையில் இருந்தது. சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அதைவிடக் கேவலம், வீட்டுக்காரர் சொன்னபடி வாசற்கால் ஆடிய மேல் மூலையில் சிமெண்டை அடைத்துப் பூசி மறைத்தவனும் நானே. அஞ்சலை அம்மா மறுபடி என்னிடம் கேட்கவில்லை. பார்த்தால் "சாப்ட்டீங்களா மேஸ்திரி" என்பதோடு சரி.

அஞ்சலை அம்மாவை எடுக்கிற நேரத்துக்கு அந்த மனிதர் மாலையோடு வந்தார். போட்டார். கும்பிட்டார். பிறகு பந்தலில் உட்கார்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "பாவம், வேல சுமார்தான். எங்க வூட்டு வாசக்காலுகூட இதுங் கைதான், இன்னிக்கும் ஆடுது" என்றார். பிணம் பக்கத்தில் கிடக்கிறது!

மறுநாள் காலை உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். சாரம் கட்டவில்லை, ஒரு ஸ்டூல் போதும். நான் அடைத்த சிமெண்டைக் கொத்தினேன். "யோவ், இன்னாய்யா பண்றே?" என்று ஓடி வந்தார். "நான் பூசுனதுங்க. நான் எடுக்கறேன்" என்றேன். தெருவே கூடிவிட்டது. அதுதான் எனக்கும் வேண்டியிருந்தது.

மூலை திறந்தது. துளையைச் சுற்றி அஞ்சலை அம்மா கத்தியால் கீறிய கோடு அப்படியே இருந்தது. மயிரிழை பிசகாமல் அந்தக் கோட்டோடு நின்றிருந்தது வெட்டு. நாக்கு மட்டும் எலி கடித்தது போல. அதில் செதுக்காத பக்கம் இன்றைக்கும் மஞ்சள். செதுக்கிய பக்கம் வெறும் மரம். "மஞ்சள் ஊத்தினது யாரு? மஞ்சளுக்கு மேல செதுக்கினது யாரு? அந்தம்மாவ வராதன்னு சொன்னது யாரு?" என்று கத்தினேன். ஒவ்வொருவராக ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்தார்கள். அந்த மனிதர் முகம் செத்துப்போனது. அதை நான் நன்றாக நின்று பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஆனந்தமாக இருந்தது, ஒளிப்பானேன்.

"சரி, பூசிடுய்யா" என்றார் மெதுவாக. பூசவில்லை. சுற்றுவட்டாரத்துக் கொத்தனார் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். ஒருவரும் பூச மாட்டார்கள். அது திறந்தே கிடக்கிறது. நீங்கள் போய்ப் பாருங்கள். உள்ளே நுழையும்போது இடதுகைப் பக்கம், மேல் மூலை.

அன்று மத்தியானம் செல்வியை அழைத்துப் போய்க் காட்டினேன். மெச்சுவாள் என்று நினைத்தேன். ஸ்டூல் மேல் ஏறி, அம்மா கீறிய கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இறங்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"இத அம்மா இருக்கச்சே பண்ணியிருக்கலாம் இல்ல மாமா?"

அந்த அம்மாவின் உளிகளும் ரம்பமும் செல்வியிடம் இருக்கின்றன. எனக்கென்று மிஞ்சியது இந்தக் கேள்வி. நான் வைத்துக்கொள்கிறேன்.