கிணற்றுக்கு எத்தனை மீற்றர்

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த திமிர் எனக்கு இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பூநகரியில் எங்கள் காணி இராணுவ முகாமுக்குள் இருந்தது. அந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் உவர். எங்கள் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். ஒருநாள் ஊரின் கிராம அலுவலரான விதானையார் வந்து, றோட்டிலிருந்து உள்ளே நூறு மீற்றர் வரை காணியை விடப்போகிறார்கள் என்றார். அது வேண்டாமென்றால் மல்லாவியில் மாற்றுக் காணி. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்குக் கையெழுத்து வைக்கவேண்டும்.

"கிணறு நூறுக்குள்ள வருமோ?" அம்மா கேட்டார்.

"எனக்கெப்பிடித் தெரியும் அக்கா? உள்ளுக்குப் போய் அளக்க விடுவினமே?"

"நான் போனாலை அளக்கிறன்," என்றேன்.

விதானையார் சிரித்தார். "அளவுநாடாவும் வருதோ இப்ப போனுக்குள்ள?"

போனின் விபரப் பக்கத்தில் குவியத் தூரம் என்று ஓர் எண் கிடந்தது. அதை நம்பவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் நாடாவை ஒட்டி, மூன்று மீற்றர் தள்ளி நின்று படமெடுத்தேன். நான்கு மீற்றர் அகலம் படத்துக்குள் விழுந்தது. ஆறு மீற்றர் தள்ளி நின்றால் எட்டு. கமராவின் பார்வைக் கோணம் அறுபத்தேழு பாகை சொச்சம். இனி, அகலம் தெரிந்த எந்தப் பொருளென்றாலும் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று படமே சொல்லும்.

முகாமைப் படமெடுக்க விடமாட்டார்கள். அதனால் அம்மாவை றோட்டோரம் நிறுத்தினேன். கிணறு அவருடைய தோளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் சின்னதாகத் தெரிந்தது.

"சிரியுங்கோ அம்மா."

"என்னத்தைக் கண்டு சிரிக்க? அங்கை காவலிலை நிக்கிறவன் பாக்கிறான்."

"அதுக்குத்தான் சிரிக்கச் சொல்லுறன்."

சிரித்தார். நாலாயிரம் புள்ளி அகலப் படத்தில் கிணற்றுக்கட்டு நூற்றைந்து புள்ளி. அப்பா கட்டியபோது கயிறு பிடித்தது தான்தான், குறுக்களவு பத்தடி என்று அம்மா அடித்துச் சொன்னார். மூன்று மீற்றர் என்று வைத்தேன். விடை எண்பத்தாறு. மூன்று தரம் போட்டேன், மாறவில்லை.

அம்மா மல்லாவிக் காணியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். கப்பியும் புதுக் கயிறும் வாங்கினார். "என்ரை பிள்ளை போனாலையே அளந்தவள்," என்று அயலெல்லாம் சொல்லித் திரிந்தார்.

காணி விட்ட அன்று புது முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். கிணறு அந்தப் பக்கம். கிட்ட நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, அப்பாவின் கட்டைச் சுற்றி இன்னொரு கட்டு, சீமெந்தில். முகாமில் இருந்தவர்கள் தங்கள் வசதிக்கு அகலமாக்கியிருந்தார்கள். நான்கு மீற்றர் இருக்கும். வெட்கமில்லாமல் அங்கேயே நான்கைப் போட்டுப் பார்த்தேன். நூற்றுப் பதினான்கு. வில்லை சரி, கோணம் சரி. இத்தனை வருடம் அவர்கள் கையில் இருந்த கிணறு எங்கள் அளவிலேயே இருக்கும் என்று நம்பினோமே, அதுதான் பிழை.

"மல்லாவிக் காணியை இப்ப கேக்கலாமோ?" அம்மா விதானையாரைக் கேட்டார்.

"அது வேறை ஆக்களுக்குக் குடுத்தாச்சு அக்கா. நீங்கள்தானே வேண்டாமெண்டனீங்கள்."

அம்மா என்னைப் பார்த்தார். "கிணறு வளந்திட்டுது, என்ன?" என்றார். ஏசியிருக்கலாம்.

இப்போது தண்ணீர் பவுசர் லொறி வரும் நாட்களில் கான்களோடு வரிசையில் நிற்கிறோம். புதுக் கயிற்றில் உடுப்புக் காய்கிறது. வரிசையில் எல்லாரும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைப்பார்கள். அம்மா கானின் மூடியைத் திருகிக்கொண்டு நிற்பார்.