ஜன்னல் கம்பியில் தொங்கிய கண் மருந்து

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டு எழுதியவர்களுக்கு நன்றி. ஊருக்குப் போகவில்லை. உடம்புக்கும் ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் கண் போய்விடுமோ என்ற பயத்தில் பேனாவைத் தொடவில்லை. அவ்வளவுதான்.

அவர் ஆம்பூரில் ஒரு டேனரியில் செலக்டர். பதனிட்ட தோலை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, எங்கே உண்ணி கடித்தது, எங்கே முள் கீறியது என்று பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. மெஷின் கிடையாது, கருவி கிடையாது. கண்தான் முதல். அது போனால்? வீடு எப்படி ஓடும்?

ஒரு காலையில் அவருக்கு இமை ஒட்டிக்கொண்டு திறக்கவே வரவில்லை. மஞ்சளாகப் பீளை. 'மெட்ராஸ் ஐ'தான் என்று வீட்டிலேயே கிடக்க விடாமல், பக்கத்துத் தெரு டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் பார்த்துவிட்டு, கிருமியைக் கொல்லும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். "சிவப்பு போனாலும் நிறுத்தாதீங்க, ஒரு வாரம் முழுசா விடுங்க" என்றும் சொன்னார்.

இரண்டு நாளில் கண் தெளிந்தது. இவரும் வேலைக்குப் போய்விட்டார். வெளிநாட்டுக்குச் சரக்கு போகிற நேரம், லீவு என்ற பேச்சே கிடையாது. மருந்தும் கூடவே போனது. மத்தியானம் அங்கேயே விட்டுக்கொள்கிறார் என்று நான் நினைத்தேன்.

அங்கே நடந்தது வேறு.

செலக்‌ஷன் மேஜையில் இவரோடு நிற்கிற நாலைந்து பேருக்கும் கண் சிவந்திருக்கிறது. நம்ம ஆட்களுக்கு மனசு பெரிசு. ஒரு டீயை இரண்டு கிளாசில் ஊற்றுவார்கள், ஒரே துண்டில் எல்லோரும் முகம் துடைப்பார்கள். இவர் இன்னும் ஒரு படி மேலே போனார். தோல் வாரை மெல்லிசாக அறுத்து, மருந்து பாட்டிலின் கழுத்தில் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுவிட்டார். வருகிறவன் போகிறவனெல்லாம் அண்ணாந்து ஒரு சொட்டு. கோயில் தீர்த்தம் கெட்டது!

தனக்குச் சரியாகிவிட்டது என்று தான் விடுவதை நிறுத்திவிட்டார். சில நாள் கழித்துக் கண் மறுபடி உறுத்தியதும், அதே பாட்டிலை அவிழ்த்து அதே முனையால் விட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் வேலை பாதியில் கபீர் பாய் இவரைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். கபீர் பாய் இவருடைய தோஸ்த், பக்கத்து மேஜை செலக்டர்.

"தங்கச்சி, வெளிச்சத்தப் பாக்கவே மாட்டேங்குறாரு. ஜன்னல் கிட்ட நின்னா அழறாரு. தோலப் பாத்துப் பேஜாராயி அழறாருன்னு பசங்க கிண்டல் பண்றானுங்க."

நான் சிரிக்கவில்லை. அவர் கண்ணை விரித்துப் பார்த்தேன். ஒரு பக்கக் கருவிழியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி.



"இன்னாய்யா இது?"

"ஒண்ணுமில்ல ஸ்டெல்லா. சுண்ணாம்புத் தூசி பட்டிருக்கும்."

"தூசி பட்டா வெள்ளையா முளைக்குமா? வலிக்குதா?"

வலிக்கவில்லை என்று பொய் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. அப்போதுதான் நிஜமாகப் பயந்தேன்.

வேலூர் பஸ்ஸில் வழி முழுக்க அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் அம்மா கூப்பிடக் காத்திருந்தபோது, என் தோல் கைப்பையை நீட்டினேன்.

"நல்ல கண்ண மூடிக்கோ. இதப் பாத்துச் சொல்லு."

மூடினார். வெகு நேரம் பார்த்தார்.

"பை தெரியுது…" என்றார். "தோல் தெரியல."

பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் அம்மா விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, கருவிழியில் புண் என்றார். இவர் பையிலிருந்து எடுத்த பாட்டிலையும் பார்த்தார். அதில் கட்டிய தோல் வார் அப்படியே இருந்தது.

"இது இன்னா, தாயத்தா?"

இவர் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கோபத்தில் என் ஜாதி!

"இந்த முனை எத்தனை பேர் இமையில பட்டிருக்கும்? ஒருத்தன் கண்ணுல இருந்த கிருமி அப்படியே உள்ள போயிருக்கும். அப்புறம் நீங்க விட்டது மருந்தா, சீக்கா? அதுலயும் பாதியில நிறுத்தியிருக்கீங்க. அரைகுறையா அடிச்சா கிருமி சும்மா விடுமா?"

"கண் பிழைக்குமா டாக்டர்?" என்று நான்தான் கேட்டேன்.

"சீக்கிரம் வந்துட்டீங்க. பாக்கலாம்."

'பாக்கலாம்' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எத்தனை நாள் சோறு தின்ன முடியும்? மணிக்கொரு தரம் புது மருந்து. சோப்புப் போட்டுக் கை கழுவி, கீழ் இமையை மெல்ல இழுத்து, முனை எங்கேயும் படாமல் ஒரு சொட்டு. பிறகு கண்ணை மூடியே வைக்க வேண்டும். 'முனை படாதே, படாதே' என்று மனசு கத்தும். அவருக்கென்று தனித் துண்டு, தனித் தலையணை உறை.

அந்த நேரத்தில் வந்த யோசனைகள் இருக்கிறதே! எதிர் வீட்டு அம்மாள், தன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது மிச்சமான மருந்தைக் கொண்டு வந்தார். "சிவப்பு ஒரே நாள்ல கம்மியாயிடும்மா" என்றார். டாக்டரிடம் கேட்டேன். அந்த மாதிரி மருந்து சிலது சிவப்பை மறைத்துவிட்டு உள்ளே புண்ணை வளர்த்துவிடும் என்றார். அக்கறையோடு நீட்டுகிற கைதான் கண்ணைப் பறிக்கிற கையும். யாரைத் திட்டுவது?

அதனால் உங்களைத் திட்டுகிறேன். வீட்டில் இருக்கும் பழைய கண் மருந்தைத் தூக்கி எறியுங்கள். திறந்து ஒரு மாதம் ஆனால் அது மருந்தில்லை. எல்லாச் சிவப்பும் ஒரே நோயில்லை. வலித்தாலோ, வெளிச்சம் குத்தினாலோ, பார்வை மங்கினாலோ யோசனை கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், ஓடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, புதுத் தோல் செருப்பு ஒன்று வாங்கி வந்து அவரிடம் கொடுத்து, அவர் நல்ல கண்ணை என் கையாலேயே பொத்தினேன். ஜன்னல் பக்கம் திரும்பினார். செருப்பைச் சாய்த்தார், நிமிர்த்தினார்.

"பக்கிளுக்குக் கீழ பாரு. உண்ணி கடிச்ச தோலு. கடைக்காரன் உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

ஏமாந்ததற்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை.

தழும்பு கருவிழியின் ஓரத்தோடு நின்றுவிட்டது. திங்கட்கிழமை வேலைக்குப் போனார். பாட்டிலைக் கட்டியிருந்த அந்தத் தோல் வாரில் இப்போது கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களாம்.

சரி. கத்தரிக்கோலைப் பத்துப் பேர் பிடிக்கட்டும்!